கைசல் நூலகத்தைச் சிமென்டில் வார்த்துப் பார்த்தோம்: ஒரு விரிவாக்கத்தின் பட்டறைப் பதிவு

கான்கிரீட்டைப் பூசி மறைக்காமல் அப்படியே வெளியே காட்டும் புரூட்டலிசப் பாணிக் கட்டடம் ஒன்றைப் பெரிதாக்க வேண்டியிருந்தால் எங்கே கைவைப்பது என்று மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார். படம் வரைந்து பதில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் செங்கல் சுவருக்கும் இரும்புச் சட்டகத்துக்கும் பழகிய கண்ணுக்கு, எலும்பே தோலாகவும் இருக்கும் ஒரு கட்டடத்தின் பிடிவாதத்தைப் படத்தில் காட்ட முடிவதில்லை. ஆகவே சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கைசல் நூலகத்தை, அதன் அடியில் பின்னால் சேர்க்கப்பட்ட நிலத்தடி விரிவாக்கத்தோடு, 1:200 அளவில் செய்து பார்ப்பது என்று எங்கள் கல்லூரியின் மாதிரிப் பட்டறையில் முடிவெடுத்தோம். தாங்கும் உறுப்புகளுக்கு அட்டையும் அக்ரிலிக்கும் வேண்டாம், அவை அனைத்தும் சிமென்ட் கலவையில் கம்பி வைத்தே வார்க்கப்பட வேண்டும் என்பது மட்டுமே நாங்கள் வைத்துக்கொண்ட நிபந்தனை.

கட்டடத்தை அறியாதவர்களுக்குச் சில வரிகள். வில்லியம் பெரேரா 1960களின் பிற்பகுதியில் வடிவமைத்து 1970இல் திறக்கப்பட்ட நூலகம் இது. சான் பிரான்சிஸ்கோவின் டிரான்ஸ்அமெரிக்கா பிரமிடும் அவருடைய அலுவலகத்தின் வேலைதான். ஒரு பள்ளத்தாக்கின் தலைமாட்டில், 110 அடி உயரத்தில், நடுவில் அகன்று மேலும் கீழும் குறுகும் உருவத்தோடு நிற்கிறது. முதலில் இரும்புச் சட்டகத்தில்தான் திட்டமிடப்பட்டது. கட்டும் செலவையும் பராமரிப்புச் செலவையும் குறைப்பதற்காக வலுவூட்டிய கான்கிரீட்டுக்கு மாறியபோது, தாங்கும் உறுப்புகள் வெளியே வந்து, இன்று எல்லோரும் படம் எடுக்கும் அந்தச் சாய்ந்த கைகளாயின. நூலகத்துக்கு இன்றைய பெயர் 1995இல், குழந்தைகளுக்காக எழுதிய தியோடர் சூஸ் கைசலையும் அவர் மனைவி ஆட்ரியையும் முன்னிட்டு வைக்கப்பட்டது. தளங்களின் எண் வரிசையில் ஒரு வேடிக்கை உண்டு: 1, 2 ஆகிய தளங்கள் அடிப்பீடத்தில் இருக்க, நூல்கள் இருக்கும் தளங்கள் 4இல் தொடங்கி 8இல் முடிகின்றன, இடையில் உள்ள மூன்றாவது திறந்த மேடை மட்டுமே. மாணவர்கள் இந்த மூன்றாம் தளத்தைப் பற்றிக் கட்டிவிட்ட கதைகள் ஏராளம் என்று கேள்வி. எங்கள் மாதிரியில் அது 20 மில்லிமீட்டர் வெற்றிடமாக வந்தது.

110 அடி என்பது 1:200இல் ஏறக்குறைய 168 மில்லிமீட்டர். சாய்ந்த கைக்கு முதலில் எம்டிஎஃப் பலகையில் ஓர் உருவம் வெட்டி, மரப்புட்டி இழுத்து, 400ஆம் எண் உப்புத்தாளில் தேய்த்து வழுவழுப்பாக்கி, அதைச் சுற்றி, அறை வெப்பத்திலேயே இறுகும் ஆர்டிவி சிலிகான் ஊற்றி அச்சு எடுத்தோம். ஒரே அச்சில் எல்லாக் கைகளையும் எடுத்தால்தான் அவை ஒன்றுபோல் வரும். கலவை ஒரு பங்கு சிமென்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல். சிமென்டில் சாம்பல்நிறச் சிமென்டும் வெள்ளைச் சிமென்டும் கலந்திருந்தன. எம்-சாண்டை 600 மைக்ரான் சல்லடையில் சலித்து, மணலோடு வரும் தூளையும் ஒருமுறை கழுவி நீக்கினோம், ஏனெனில் கழுவாத தூள் தண்ணீரைக் குடித்துக் கலவையைக் கெட்டியாக்கிவிடும். நீருக்கும் சிமென்டுக்குமான விகிதம் 0.40. அவ்வளவு குறைந்த நீரில் குறுகிய அச்சுக்குள் கலவை இறங்க வேண்டுமானால் கலவையை இளக்கும் பாலிகார்பாக்சிலேட் சேர்மானம் சில சொட்டுகள் தேவைப்படும்.

கம்பி வைப்பதில்தான் கை அதிகம் வேலை செய்தது. கையின் குறுக்களவு விரல் அகலம்கூட இல்லை. அதற்குள் 1 மில்லிமீட்டர் ஜிஐ கம்பி நான்கை நிறுத்தி, சுற்றிலும் சீரான கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் தடிமன், விட வேண்டும். கம்பியை விலக்கி நிறுத்தக் கட்டுமான இடத்தில் போடும் கவர் பிளாக்கை இந்த அளவில் செய்ய வழியில்லை. எனவே கம்பிக்கூட்டைத் தூண்டில் நரம்பில் கட்டி, நரம்பின் நுனிகளை அச்சின் சுவர் வழியே ஊசியால் வெளியே இழுத்து, நான்கு புறமும் விறைப்பாகப் பிடித்து நிறுத்தினோம். அச்சைக் கழற்றிய பிறகு நரம்பை மேற்பரப்போடு ஒட்ட நறுக்கிவிடலாம்.

எப்படிப் படுக்க வைத்து வார்ப்பது என்பதில் எங்களுக்குள் விவாதம் நடந்தது. பக்கவாட்டில் கிடத்தி வார்த்தால் கலவை தடையின்றி நிரம்பும், காற்று எங்கும் அடைபடாது. ஆனால் கையின் ஒரு முகம் கரணையால் இழுத்த முகமாகிவிடும், மற்ற மூன்று முகங்களும் அச்சில் பட்டவையாக இருக்கும், இந்த வேறுபாடு வெயிலில் உடனே தெரியும். நிற்க வைத்து வார்த்தால் எல்லா முகமும் ஒன்றுபோல் வரும். ஆனால் கை சாய்ந்து செல்லும் பகுதியின் மேல்சுவரை ஒட்டிக் காற்று சிக்கிக்கொள்ளும். உண்மையான கட்டடத்தில் கைகளைப் படுக்க வைக்கும் பேச்சுக்கே இடமில்லை என்பதால் நிற்க வைத்தே வார்த்தோம். மடங்கும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய உறிஞ்சுகுழலைச் செருகிக் காற்றுக்கு வழி விட்டு, அச்சின் அடிப்பலகையில், மரம் தேய்க்கும் கருவியான ஆர்பிட்டல் சாண்டரைக் கவிழ்த்துப் பிடித்து அதிர வைத்தோம். குமிழிகள் குழல் வழியே பொங்கி வெளியேறுவதைப் பார்க்கும்போது, பெரிய அளவில் இதே வேலையைச் செய்தவர்கள் ஷட்டரிங் பலகைக்குள் என்ன நடக்கிறது என்று காணாமலேயே வைப்ரேட்டரை இறக்கினார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

அச்சிலிருந்து எடுத்தவற்றை ஈரச் சாக்கில் சுற்றிக் கியூரிங் முடித்த பின், இரண்டு கைகளை எதிரெதிராக நிறுத்தி, அடியை இறுகப் பிடித்து, மேலே ஒரு பலகை போட்டு மணல் பைகளை ஏற்றினோம். எங்கள் பட்டறையின் மூத்த தச்சர் இதைப் பார்த்துவிட்டு, “இது நிக்காது சார், விரியும்” என்றார். விரிந்தது. பைகள் ஏற ஏற இரண்டு கைநுனிகளும் வெளிப்பக்கம் நகர்ந்தன. மடங்கும் இடத்தில், கட்டடத்தின் உள்ளே பார்க்கும் முகத்தில், தலைமுடி அளவு விரிசல் குறுக்கே ஓடியது. வெளியே சாய்ந்த கையின் நுனியில் பாரம் வைத்தால் அது கீழே மட்டுமல்ல, வெளியேயும் போகப் பார்க்கும். சாய்வு 45 பாகை என்று வைத்துக்கொண்டால், கீழ்நோக்கிய பாரம் எவ்வளவோ அவ்வளவு விசையோடு நுனியை உள்ளே இழுத்துப் பிடித்தாக வேண்டும். அந்தப் பிடிப்பு இல்லையென்றால் கை முழுவதும் மடிப்பில் வளைந்து அங்கேயே முறியும். நுனியை உள்ளே இழுக்கும் வேலை மேல்தளத்துக்கு விழுகிறது. அதே நேரத்தில் கைகளின் அடிப்பகுதி உள்நோக்கித் தள்ளுவதால், கீழ்த்தளம் நான்கு புறமிருந்தும் நசுக்கப்படுகிறது. தளம் என்பது நடப்பதற்கான பரப்பு மட்டும் அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கட்டடம் எனக்குத் தெரியாது.

இழுப்புக்குச் சைக்கிள் ஸ்போக்குகளைப் பயன்படுத்தினோம். ஸ்போக்கின் வளைந்த தலை நடுவில் உள்ள ஒரு பித்தளைத் தகட்டில் மாட்டிக்கொள்ளும். திருகுமரை உள்ள மறுநுனி கையின் வழியே வெளியே வந்து நிப்பிளில் முடியும். சைக்கிள் கடைச் சாவியால் நிப்பிளைத் திருகத் திருக எதிரெதிர்க் கைகள் ஒன்றையொன்று இழுக்கத் தொடங்கும். சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பவர்கள் செய்வதுபோலவே ஒவ்வொரு ஸ்போக்கையும் விரலால் தட்டி, ஒரே ஒலி வரும்வரை சமன் செய்தோம். இம்முறை முன்பைவிடக் கூடுதலாக மணல் ஏற்றியும் விரிசல் விழவில்லை.

இங்கிருந்துதான் விரிவாக்கத்தின் பேச்சு தொடங்க முடியும். கோபுரத்தின் பக்கத்தில் ஒரு புதிய தொகுதியை ஒட்டவைக்க நினைத்தால், ஏதாவது ஒரு தளத்தின் விளிம்பை உடைத்து வழி விட வேண்டும். உடைக்கும் விளிம்போ கைநுனிகளைக் கட்டிவைத்திருக்கும் விளிம்பு. மேலே தளம் ஏற்ற நினைத்தால் ஏற்றும் ஒவ்வொரு பாரமும் அதே இழுப்பில் வந்து சேரும். கீழே, கைகளுக்கு அடியில் உள்ள நிழலை அடைத்து அறையாக்கினால், கட்டடம் எதற்காகக் கைகளைத் தூக்கியதோ அதுவே இல்லாமல் போகும். இவற்றோடு, நூலகம் இருக்கும் லா ஹோயா பகுதியை ஒட்டி ரோஸ் கேன்யன் நிலப்பிளவு ஓடுகிறது. நிலநடுக்கத்தில் உயரமான கோபுரமும் தாழ்வான புதிய தொகுதியும் வெவ்வேறு தாளத்தில் ஆடும் என்பதால் இரண்டுக்கும் இடையில் அசைவுக்கு இடைவெளி விட்டாக வேண்டும்.

பெரேராவே பின்னால் இடம் தேவைப்படும் என்று எதிர்பார்த்திருந்தார். அவருடைய எண்ணத்தில், கூடுதல் தளங்கள் கோபுரத்தின் அடியிலிருந்து படிப்படியாகப் பள்ளத்தாக்குக்குள் இறங்கியிருக்க வேண்டும். தேவை வந்தபோது வேலையைச் செய்தவர் குன்னார் பிர்க்கெர்ட்ஸ். லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், அதற்கு முன்பே 1981இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சட்ட நூலகத்துக்கு, கோதிக் பாணிக் கட்டடத்தின் பக்கத்தில், நிலத்தடி விரிவாக்கம் ஒன்றைச் செய்து, கண்ணாடிகள் பதித்த சாய்ந்த ஒளிப்பள்ளத்தால் பகல் வெளிச்சத்தை அடித்தளம்வரை இறக்கியிருந்தார். சான் டியாகோவிலும் 1993இல் நிறைவடைந்த விரிவாக்கத்தை அவர் கோபுரத்தின் அடியைச் சுற்றி மண்ணுக்குள் வைத்தார். பெரேராவின் கட்டடத்துக்கு அடங்கி நிற்க வேண்டும் என்று வேண்டுமென்றே எடுத்த முடிவு என்றும், அது பணிவின் அடையாளம் என்றும் இதைப் புகழ்வது வழக்கம். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் முழு உடன்பாடு இல்லை. ஸ்போக்குகளைத் திருகிப் பார்த்த பிறகு, கோபுரத்தின் இழுப்பில் கைவைக்காமல் இடம் கிடைக்கும் ஒரே திசை கீழ்ப்புறம்தான் என்பது பணிவுக்கு முன்பே கணக்கில் வந்துவிடுகிறது.

பக்கத்தில் ஒட்டுவது எங்கும் தவறு என்று இதற்குப் பொருளில்லை. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ரோபார்ட்ஸ் நூலகமும் 1973ஆம் ஆண்டின் கனத்த கான்கிரீட் கட்டடம்தான். அதன் மேற்குப் பக்கத்தில் டயமண்ட் ஷ்மிட் நிறுவனம் வடிவமைத்த ஐந்து தளக் கண்ணாடிக் கட்டடம் 2022இல் திறக்கப்பட்டு, ஏறக்குறைய 1,200 படிப்பிடங்களைக் கூட்டியிருக்கிறது. அங்கே பாரம் நேராகத் தரைக்கு இறங்குகிறது, பக்கத்தில் நிலமும் இருந்தது, பாலங்களால் இணைக்க முடிந்தது. சிகாகோவில் ரீகன்ஸ்டைன் நூலகத்தின் பக்கத்தில் ஹெல்முட் யான் 2011இல் செய்ததோ இரண்டுக்கும் நடுவான வழி: மேலே தாழ்ந்த கண்ணாடிக் கவிகை, அதற்குள் படிப்பறை, அடியில் இயந்திரக் கைகள் எடுத்துத் தரும் 35 இலட்சம் நூல்களுக்கான கிடங்கு. நூல்களுக்கு வெளிச்சம் வேண்டாம், மனிதர்களுக்கு வேண்டும் என்று பிரித்த அந்தத் தெளிவு எனக்குப் பிடித்தது.

எங்கள் அடிப்பலகையைக் கழற்றி மாட்டும் துண்டுகளாகச் செய்திருந்ததால் இரண்டு திட்டங்களையும் வைத்துப் பார்க்க முடிந்தது. பெரேராவின் படிக்கட்டுத் தளங்களை கார்க் தாளில் அடுக்கியபோது, பள்ளத்தாக்கின் பக்கமிருந்து பார்த்தால் கோபுரம் ஒரு பெரிய மேடைமேல் ஏறி நிற்பதுபோல் ஆகி, தரையிலிருந்து எழும்பும் அதன் துள்ளல் குறைந்துவிட்டது. அதே நேரம் அந்தத் தளங்களுக்குச் சரிவுப் பக்கமாக இயல்பாகவே சன்னல்கள் கிடைத்தன. மண்ணுக்குள் வைத்த திட்டத்தில் கோபுரம் தப்பித்தது. வெளிச்சத்துக்குத்தான் உழைக்க வேண்டியிருந்தது.

வெளிச்சத்தைச் சோதிக்கக் கைவிளக்கு உதவாது, அதன் கதிர்கள் விரிந்து செல்வதால் நிழல் பொய் சொல்லும். மாதிரியை மொட்டை மாடிக்குத் தூக்கிச் சென்று சூரியனையே பயன்படுத்தினோம். பலகையில் 40 மில்லிமீட்டர் உயர ஊசி ஒன்றைச் செங்குத்தாக நட்டு, பலகையை எல்லாப் பக்கமும் சாய்த்து, நிழலின் நீளத்தையும் திசையையும் வேண்டிய கோணத்துக்குக் கொண்டுவந்தால் போதும். சான் டியாகோ நூலகம் 33 பாகை வட அகலாங்குக்கு மிக அருகில் இருக்கிறது. டிசம்பர் நடுப்பகலில் அங்கே சூரியன் 34 பாகைக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். ஊசியின் நிழல் 60 மில்லிமீட்டர், வடக்கு நோக்கி. மார்ச்சிலும் செப்டம்பரிலும் 26 மில்லிமீட்டர். ஜூனில் 7 மில்லிமீட்டர் மட்டுமே.

நிலத்தடித் தளங்கள் இரண்டுக்குமாக 9 மீட்டர் ஆழம் என்று எடுத்துக்கொண்டு, கிழக்கு மேற்காக ஓடும் செங்குத்துச் சுவர்ப் பள்ளம் ஒன்றை 6 மீட்டர் அகலத்தில் வெட்டினோம். மாதிரியில் அது 45 மில்லிமீட்டர் ஆழம், 30 மில்லிமீட்டர் அகலம். டிசம்பர் நிழலுக்குப் பலகையைச் சாய்த்தபோது வெயில் வடசுவரில் 20 மில்லிமீட்டர்வரை மட்டும் இறங்கி நின்றது. மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு வெயில் கிடைக்கும், கீழ்த்தளத்தவருக்கு எட்டாது. தென்சுவரை வெளிப்புறம் சாய்த்துப் பள்ளத்தின் வாயை 60 மில்லிமீட்டராக விரித்ததும் வெயில் 40 மில்லிமீட்டர்வரை இறங்கியது. சாய்ந்த சுவரின் பயன் இவ்வளவு எளிய முக்கோணத்தில் அடங்கிவிடுகிறது. ஆனால் வாய் விரிய விரிய மேலே நடக்கும் இடம் சுருங்கும், மழை விழும் பரப்பு கூடும். பள்ளத்தை வடக்கு தெற்காகத் திருப்பியபோது நடுப்பகல் வெயில் அடிவரை சென்றாலும், காலையிலும் மாலையிலும் ஒன்றுமே இறங்கவில்லை.

மண்ணுக்குள் போவதன் விலையையும் கணக்குப் போட்டோம். அமெரிக்க விதிமுறையில் நூலடுக்குத் தளத்துக்கு எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர அடிக்கு 150 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7.2 கிலோநியூட்டன். ஒரு மீட்டர் ஈரமண்ணின் பாரம் ஏறக்குறைய 18. கூரைமேல் வெறும் ஒரு மீட்டர் மண் போட்டாலே, நூல்கள் நிறைந்த இரண்டு தளங்களுக்கும் மேலான பாரம் அங்கே ஏறிவிடுகிறது. மரம் வைக்க ஆசைப்பட்டால் மண்ணின் ஆழம் இன்னும் கூட வேண்டும். இதன் பிறகு சுவரைப் பக்கவாட்டில் தள்ளும் மண், அதனோடு சேரும் நீர், நீர் கசிந்தால் நனையப்போகும் நூல்கள் என்று பட்டியல் நீளும். கோபுரத்தின் அடித்தளத்துக்கு அருகில் தோண்டும்போது, அடித்தளத்தின் விளிம்பிலிருந்து 45 பாகையில் கீழே இறங்கும் கற்பனைக் கோட்டுக்குள் மண்வெட்டி நுழையாமல் பார்த்துக்கொள்வது பொறியாளர்களின் பழைய எச்சரிக்கை. எங்கள் மண்துண்டுகளின் உள்விளிம்பையும் அந்தக் கோட்டுக்கு வெளியே வைத்தே வெட்டினோம்.

பழைய தளங்களைப் புதுப்பிப்பது இதற்கு நேர்மாறாக எளிது, குறைந்தபட்சம் பாரத்தைப் பொறுத்தவரை. படிப்பறைக்குச் சதுர அடிக்கு 60 பவுண்டு போதும். அடுக்குகளை எடுத்துவிட்டு மேசை போடும் எந்தத் தளத்திலும் கட்டமைப்புக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. ஆனால் அடுக்குகள் இருந்த இடத்தில் மனிதர்கள் வந்து அமர்ந்தால் வெளியேறும் படிகள், கழிப்பறைகள், காற்று எல்லாம் போதாமல் போகும்; அவற்றுக்கு வழி, மின்தூக்கியும் படிகளும் ஓடும் நடுத்தண்டின் சுவர்களைத் துளைத்துத்தான் வர வேண்டும். பல்கலைக்கழக நூலகங்களின் புதுப்பிப்பில் பணத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைகளில் கரைவது இதனால்தான்.

காற்றுக்குழல் செருகிய இடங்களில் குழலை நறுக்கியபின் சிறு குழிகள் எஞ்சியிருந்தன. சில கைகளின் மடிப்பில் மேசன்கள் ஹனிகோம்ப் என்று சொல்லும் பொரிந்த பரப்பும் இருந்தது. அதே கலவையால் அடைத்தால் தெரியாது என்று மாணவர்கள் நம்பினார்கள். அதே கலவைதான் மிகவும் தெரிந்தது. ஏற்கெனவே இறுகிய கான்கிரீட் ஒட்டுக் கலவையின் நீரை உறிஞ்சிவிடுவதால் ஒட்டு அடர்ந்து, கருத்து இறுகுகிறது. உடைந்துபோன சோதனைக் கைகளில் ஒட்டுகளைப் போட்டு, வெள்ளைச் சிமென்டின் பங்கைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்த்தோம். ஈரமாக இருக்கும்போது பொருந்தியவை எவையும் காய்ந்தபின் பொருந்தவில்லை. ஈரத்தில் அசிங்கமாக வெளுத்துத் தெரிந்த ஒன்றே காய்ந்த பிறகு ஒன்றிப்போனது. ஒட்டின் விளிம்பும் முக்கியம். மெல்லிதாக இழுத்துவிட்ட விளிம்பு சீக்கிரமே பெயர்ந்தது. குழியைக் கத்தியால் செங்குத்தாக வெட்டி ஓரம் எடுத்து, உள்ளே நனைத்து, மேலே நீர் மினுக்கம் போனபின் நிரப்பியது நின்றது.

பெரிய கட்டடங்களில் இதே சிக்கலுக்கு இன்னொரு அடுக்கு உண்டு. கான்கிரீட்டின் காரத்தன்மை, காற்றின் கரியமில வாயுவால் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிக் குறைந்துகொண்டே வந்து கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கும். துரு இரும்பைவிடப் பருத்து மேற்பூச்சைத் தள்ளிவிடும். எங்கள் உடைந்த கையின் முறிவில், காரம் உள்ள இடத்தில் மட்டும் நிறம் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் தெளித்தபோது முகம் முழுவதும் அடர்ந்த இளஞ்சிவப்பாகியது, ஓரத்தில் மட்டும் நூலிழையளவு நிறமில்லை. ஐம்பது ஆண்டு வெயிலும் மழையும் பட்ட சுவரில் அந்த நிறமற்ற பட்டை எங்கே முடிகிறது, கம்பி எங்கே தொடங்குகிறது என்பதை அளந்த பிறகே எதைச் சீரமைக்கலாம், எதைத் தொடாமல் விடலாம் என்று முடிவெடுக்க முடியும். முழுவதற்கும் வண்ணம் அடித்து ஒட்டுகளை மறைத்துவிடலாம் என்ற யோசனை எப்போதும் யாராவது ஒருவரிடமிருந்து வரும். வெளிப்பட்ட கான்கிரீட்டை அப்படி மூடிவிட்டால், மறுபடி பழைய முகத்துக்குத் திரும்புவது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதால் நான் அதற்கு இசைவதில்லை.

நூலகத்தை நோக்கி ஏறும், கலைஞர் அலெக்சிஸ் ஸ்மித்தின் பாம்புப் பாதை 560 அடி நீளம். மாதிரியில் 85 சென்டிமீட்டருக்கும் மேல் வரும் என்பதால் அதன் தலைப்பகுதியை மட்டும் பலகையின் ஓரத்தில் வைத்து, மீதியை விட்டுவிட்டோம். மேல்தளங்களின் கண்ணாடிக்கு வெட்டிய அக்ரிலிக் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. சிமென்ட் தூள் பட்டால் அக்ரிலிக் கீறும் என்பதால், எஞ்சிய இரண்டு ஒட்டுகளையும் தேய்த்து முடித்து, மாதிரியை ஊதித் துடைத்த பின்புதான் அதை ஒட்ட வேண்டும். ஸ்போக்குகளை அதற்கு முன் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட வேண்டும், கண்ணாடி ஏறிய பிறகு நிப்பிளுக்குச் சாவி எட்டாது.